ஈயா வளர்த்த கரை

அணை கட்டிப் புகழ் பெற்றவர்கள் உலகில் ஏராளம். ஆற்றைத் திருப்பியவர்கள் இருக்கிறார்கள். பாலைவனத்தைச் சோலையாக்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஏரியின் கரையை வளர்த்துக் காட்டியவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் மலை நீர்த்தேக்க நிர்வாக அலுவலகத்தின் இயக்குநர். அவர் வந்து பொறுப்பேற்ற நாளில், எங்கள் ஏரிக்குக் கரை என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்னத் தடம்தான் இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றதெல்லாம் வெறும் தண்ணீர். அவர் விடைபெற்றுப் போன நாளிலோ, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரை, கரை, ஒரே கரை. எங்கோ ஓர் ஓரத்தில் கொஞ்சம் ஈரம்.

இந்தச் சாதனையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. நான் அந்த அலுவலகத்தின் செய்தி அலுவலர். இயக்குநர் செய்ததற்கும் செய்யாததற்கும் பெயர் வைப்பது என் வேலை. என்னை அவர் சுருக்கமாக "செய்தி" என்று கூப்பிடுவார். "என்ன செய்தி, என்ன செய்தி?" என்று அவர் கேட்டால், முதல் செய்தி நான், இரண்டாவதுதான் நிஜமான கேள்வி.

நீர் மேலாண்மை கற்று வர அரசு அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. போன இடத்தில் நீர் தாராளமாக இருந்ததால் மேலாண்மைக்கு வேலை இருக்கவில்லை. வந்ததற்கு எதையாவது கற்க வேண்டுமே என்று, ஈத் தூண்டில் கற்றுக்கொண்டு திரும்பினார்.

ஈத் தூண்டிலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணத் தூண்டிலில் புழுவைக் கோர்ப்பார்கள். மீன் அதைத் தின்னும், மாட்டும். இதில் நாகரிகம் எங்கே இருக்கிறது? சாகிற மீனுக்கு ஒரு வாய் உணவாவது கிடைத்துவிடுகிறது. ஈத் தூண்டிலில் அந்த விரயம் கிடையாது. இறகு, நூல், கொஞ்சம் முடி ஆகியவற்றைக் கொக்கியில் சுற்றிப் பொய்யாக ஓர் ஈ செய்வார்கள். அதை நீளக் கயிற்றின் நுனியில் கட்டி, தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி வீசி, கடைசியில் தண்ணீர்மேல் பூப்போல இறக்குவார்கள். மீன் அதை நிஜ ஈ என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். பிடிபட்ட மீனை, படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். கொடுப்பதுபோல் காட்டிக் கொடுக்காமல் இருப்பது. செய்ததுபோல் காட்டிச் செய்யாமல் இருப்பது. நிர்வாகத்துக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா?

தினமும் காலையில் அலுவலகத் தாழ்வாரத்தில் இயக்குநர் பயிற்சி எடுப்பார். ஊழியர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடக்கப் பழகினோம். ஒரு நாள் கயிறு பின்னால் போய்த் திரும்பி வந்தபோது, அறையிலிருந்து வெளியே வந்த கணக்கரின் தலைமுடியும் கூடவே வந்தது. முழுவதுமாக வந்தது. அது ஒட்டுமுடி என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. கணக்கரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் முடியில்தான் ஈ ஆடிக்கொண்டிருந்தது. இயக்குநர் முடியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தரம். இதுல ஈ கட்டலாம்."

"ஐயா, அது என்னோடது..." என்றார் கணக்கர்.

"இனிமே ஏரியோடது."

அன்றிலிருந்து கணக்கர் தொப்பி போட்டுக்கொண்டார். அவருடைய முடி சின்னச் சின்ன ஈக்களாகி ஏரியெங்கும் பறந்தது. பணிக்காகத் தலையைக் கொடுத்தவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

ஊழியர்கள் இயக்குநரை அன்போடு "ஈ ஐயா" என்று அழைத்தோம். வாய் வசதிக்காக அது "ஈயா" என்று குறுகியது.

"ஈயான்னா கொடுக்காதவர்னும் அர்த்தம் வருமே?" என்று கேட்டாள் என் மனைவி.

"அது தற்செயல்" என்றேன்.

"உங்க ஆபீஸ்ல தற்செயலா நடக்குறது மட்டும்தான் சரியா நடக்குது" என்றாள்.

என் மனைவி சலவை நிலையம் நடத்துகிறாள். ஊர் மருத்துவமனையின் விரிப்புகள், உறைகள், அறுவைச் சிகிச்சைத் துணிகள் எல்லாம் அவளிடம்தான் வரும். பகலெல்லாம் கறையோடு பழகுகிறவள் என்பதால், எங்கே கறை இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். என்னுடைய முன்னேற்றத்துக்கு இது ஓரளவு இடைஞ்சலாகவே இருந்து வந்தது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த பருவமும் பொய்த்தது. ஏரி இறங்கத் தொடங்கியது. அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

"முதல் விஷயம். யாரும் 'வறட்சி'ன்னு சொல்லக் கூடாது" என்று இயக்குநர் தொடங்கினார். "கேக்கும்போதே தொண்டை காயுது."

"ஐயா, நீர்மட்டம் ரொம்பக் குறையுதுங்க" என்றார் பொறியாளர். பாவம், வேலைக்குப் புதியவர்.

"எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

"தண்ணியைப் பார்த்துதான் ஐயா."

"அதுதான் தப்பு. எப்பப் பாரு தண்ணியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் கரையைப் பாருங்க. கூடுதா, குறையுதா?"

பொறியாளர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதர். "கூடுதுங்க ஐயா" என்றார்.

"செய்தி! எழுதிக்கோ."

எழுதினேன். "கரை வளர்ச்சித் திட்டம்" அந்த மேசையில் பிறந்தது. "இவ்வாண்டு நமது கரை எதிர்பார்த்ததைக் காட்டிலும் வேகமாக வளர்ந்துள்ளது" என்ற என் அறிக்கை பத்திரிகைகளில் வந்தபோது, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு குழு, இந்த வளர்ச்சியை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பெடுத்துப் போனது. அவர்களும் சாதித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதே கூட்டத்தில் இன்னொரு பேருண்மையும் வெளிப்பட்டது. தண்ணீர் சுருங்கினாலும் மீன்கள் சுருங்கவில்லை. ஆகவே, இருக்கிற தண்ணீருக்கு மீன்களின் அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. இப்படிப்பட்ட அடர்த்தி வேறெந்த நாட்டு ஏரியிலும் இல்லை. இயக்குநருக்கு உடல் சிலிர்த்தது.

"அகில உலக ஈத் தூண்டில் போட்டி! இதுதான் நேரம். தண்ணி நிறைய இருந்தா மீனைத் தேடணும். இப்பப் பாருங்க, மீனே நம்மளைத் தேடும்."

"ஐயா, போட்டி வரைக்கும் தண்ணி இருக்கணுமே. ஊருக்கு வேற விடுறோம்" என்றார் பொறியாளர்.

"மதகை மூடிடுங்க."

"குடிக்கிற தண்ணிங்க ஐயா..."

இயக்குநர் மேசைமேல் கைகளைக் கோர்த்து வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கனிந்தன. "இத்தனை வருஷமா இந்தத் தண்ணி ஊருக்காக ஓடியிருக்கு. ராத்திரி பகல் பாக்காம ஓடியிருக்கு. ஓடி ஓடி எப்படி இளைச்சுப்போச்சு பாருங்க. அதுக்கு ஒரு ஓய்வு வேண்டாமா? நாம மனுஷங்கதானே?"

கணக்கர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீர் ஓய்வுத் திட்டம்" என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். என் மனைவி குழாயைத் தட்டினாள், திருகினாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, காத்துதான் வருது."

"ஓய்வு எடுக்குது."

"என்ன எடுக்குது?"

"தண்ணி. ஓய்வு."

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எப்ப எடுக்குறது?"

நான் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி என் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் குடலிறக்கம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவரை எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அவர் செய்தித்தாளைக்கூட மேசைமேல் விரித்து வைத்துத்தான் படிப்பார்.

சில நாட்களில் சலவை நிலையத்தில் விரிப்புகள் மலைபோல் குவிந்தன. இயந்திரங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. வேலைக்கு வந்த பெண்கள் ஈ ஓட்டினார்கள், நிஜ ஈக்களை. மருத்துவமனையில் மேசைமேல் விரிக்கச் சுத்தமான துணி இல்லை. அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். அதில் மாமனாருடையதும் போயிற்று.

"மாப்பிள்ளை" என்றார் என்னைக் கூப்பிட்டு. "என் குடல் இறங்கிக்கிட்டே வருது. உங்க ஏரியும் இறங்கிக்கிட்டே வருது. எது முதல்ல தரை தட்டும்னு எனக்கே ஆசையா இருக்கு."

"ஏரி இறங்கலை மாமா. கரை ஏறுது."

"அப்ப எனக்கு?"

"வயிறு ஏறுதுன்னு வெச்சுக்குங்களேன்."

"உனக்குப் பொண்ணு கொடுத்தப்ப எனக்கு நல்ல கண்ணு இருந்துச்சு. அதுதான் புரியலை" என்றார்.

போட்டிக்குத் தலைமை விருந்தினராகத் தலைநகரிலிருந்து தலைமை ஆணையர் வருவதாகத் தகவல் வந்தது. அலுவலகமே பரபரப்பானது. அவர் சாதாரணமானவர் அல்ல. ஒரு காலத்தில் எங்கள் அலுவலகத்திலேயே இயக்குநராக இருந்தவர். இந்த ஏரியை அடிப்பாறை தெரியும்வரை தூர் வாரியவர். அதற்காகப் பதக்கமும் பதவி உயர்வும் பெற்றவர். தூர் வாரியபோது ஏரி நிறையத் தண்ணீர் இருந்ததால் ஒருவராலும் நேரில் பார்க்க முடியவில்லை. ஆனால் நம்பினோம். ஒரு கூடை சேறுகூட வெளியே வராமல் இவ்வளவு பெரிய வேலையை முடித்தவரை நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

எங்கள் ஈயாவின் அடுத்த பதவி அவர் கையில்தான் இருந்தது.

போட்டி நாளன்று வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வளர்ந்த கரை முழுவதும் வெடித்துக் கிடந்தது. அதைத் தாண்டி, அணைச் சுவரை ஒட்டி, மிச்சமிருந்த தண்ணீர் ஒரு பெரிய குட்டையாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பந்தல், ஒலிபெருக்கி, கம்பளம் எல்லாம் தயார். கம்பளத்தைப் பழைய கரையின் அளவுக்குத் தைத்திருந்தார்கள். பாதி வழியில் தீர்ந்துபோயிற்று. வளர்ச்சியை எதிர்பார்க்காத தையல்காரரின் தவறு அது.

போட்டியாளர்கள் மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டையும், உடம்பெல்லாம் பை வைத்த சட்டையுமாக வரிசையில் நின்றார்கள். தலைமை ஆணையர் விசில் ஊதினார். கயிறுகள் வானத்தில் பறந்தன. கண்கொள்ளாக் காட்சி.

முதல் சுற்றில் பிடிபட்டவை: ஒரு தொப்பி, ஒலிபெருக்கியின் கம்பி, பொறியாளரின் காது. தொப்பி யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீன்கள் மட்டும் ஈயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. கணக்கரின் முடியை அவை நன்றாகவே அறிந்திருந்தன.

"ஓரத்துல நின்னு வீசினா எப்படி மீன் வரும்?" என்று தலைமை ஆணையர் சிரித்தார். "நடுவுல போகணும்."

"ஐயா, அங்க ஆழம்..." என்று இழுத்தார் இயக்குநர்.

"என்ன ஆழம்? இடுப்பளவு தண்ணி. கீழே சுத்தமான பாறை. நானே வாரினது, எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு, தானும் ஒரு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தூண்டிலோடு இறங்கி, கம்பீரமாக நடந்து குட்டையின் நடுவுக்குப் போனார். அங்கே நின்றார். ஒரு முறை வீசினார். மறு முறை வீசவில்லை. அப்படியே நின்றார்.

இந்த நேரத்தில் வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. நான் ஓடினேன். சலவை நிலையத்தின் வண்டி நின்றது. வண்டி நிறைய அழுக்கு விரிப்புகள். அவற்றின் மேல் தலையணை வைத்துச் சாய்ந்தபடி என் மாமனார். முன்னால் இடுப்பில் கை வைத்தபடி என் மனைவி. அவள் பின்னால் சலவைப் பெண்கள், ஆளுக்கொரு வாளியோடு.

"உள்ளே விட முடியாதும்மா. அகில உலகப் போட்டி நடக்குது" என்றார் காவலர்.

"நடக்கட்டும். நாங்க ஓரமா துவைச்சுட்டுப் போறோம்."

"சோப்புத் தண்ணி பட்டா மீனுக்கு ஆகாது."

"துவைக்காத துணி பட்டா நோயாளிக்கு ஆகாது. எது பெருசு?"

காவலர் என்னைப் பார்த்தார். என் மனைவியும் என்னைப் பார்த்தாள். "நீங்க யார் பக்கம்?" என்றாள்.

"நான் செய்திப் பக்கம்" என்றேன்.

"அந்தப் பக்கத்தைத்தான் நாங்க துணி மடிச்சுக் கட்ட உபயோகிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, காவலரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள். வண்டியும் வாளிகளும் தொடர்ந்தன. காவலரும் தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன்.

திரும்பி வந்தபோது, கரையில் எல்லாரும் குட்டையைப் பார்த்தபடி நின்றார்கள். இயக்குநர் வாயைக் கையால் குவித்துக் கூவிக்கொண்டிருந்தார்.

"ஐயா! ஏன் அப்படியே நிக்கிறீங்க?"

"காட்சி நல்லா இருக்கு!" என்றார் தலைமை ஆணையர்.

"கொஞ்சம் குட்டையாத் தெரியறீங்களே ஐயா?"

"தூரத்துல இருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்!"

தண்ணீர் அவர் மார்பைத் தொட்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது இடுப்பில் இருந்தது.

"ஐயா, சேத்துல மாட்டிக்கிட்டீங்களா?" என்று பொறியாளர், காதில் கொக்கியோடு, கேட்டுவிட்டார்.

"எந்தச் சேறு? இங்க சேறே கிடையாது! எல்லாம் நான் இருந்தப்பவே எடுத்தாச்சு!"

"அப்ப எதுல ஐயா மாட்டியிருக்கீங்க?"

"மாட்டலைய்யா! ஆழமா நிக்கிறேன்!"

நிலைமையின் சிக்கலை வாசகர்கள் உணர வேண்டும். சேறு இல்லாத ஏரியில் சேற்றிலிருந்து ஒருவரை மீட்க எந்த விதியிலும் இடமில்லை. சேறு உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டால் பதக்கம் போய்விடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவரே போய்விடுவார். அவருக்குள் அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் அக்குளுக்கு ஏறியது.

"செய்தி!" என்று இயக்குநர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒரு வார்த்தை கொடுய்யா! சீக்கிரம்!"

பல்லாண்டு அனுபவம் அந்த நிமிடத்தில் கைகொடுத்தது. "மென்தரை" என்றேன்.

"ஐயா! மென்தரையில நிக்கிறீங்களா?"

நடுக்குட்டையில் ஒரு யோசனை. "மென்தரைன்னா... ஒத்துக்கிறேன்! மென்தரைதான்! வெளியே எடுங்க!"

இயக்குநர் உடனே தன் தூண்டிலை எடுத்தார். வாழ்நாளிலேயே மிகச் சிறந்த வீச்சு அது. கயிறு வானத்தில் வளைந்து, பூப்போல இறங்கி, கொக்கி தலைமை ஆணையரின் மேலுதட்டில் மாட்டியது. இயக்குநர் பழக்கதோஷத்தில் சுண்டிவிட்டார். அந்தப் போட்டியில் முறைப்படி பிடிபட்டது அவர் ஒருவர்தான். ஆனால் ஈக் கயிறு மீனுக்கானது, அதிகாரிக்கானது அல்ல. அறுந்துவிட்டது.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

வேறு கயிறு இல்லை. படகு? கரை வளர்ந்த ஏரியில் படகுக்கு என்ன வேலை என்று போன மாதம்தான் விற்றிருந்தோம். அப்போதுதான் எல்லார் கண்ணும் சலவை வண்டிமேல் போயிற்று. மலைபோல் விரிப்புகள். ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் அக்கரைக்கே நீளும்.

"அம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் கொடுங்க" என்றார் இயக்குநர். அவர் யாரிடமும் எதையும் பணிந்து கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவி ஏற்கெனவே முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தாள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. "துணி தயாரா இருக்குங்க. ஆனா முடிச்சுப் போட நேரமாகும். அதுக்குள்ள தண்ணி மூக்குக்கு வந்துடும். மதகைத் திறங்க. தண்ணி இறங்கினா மூச்சாவது விடுவாரு."

"மதகையா? போட்டி இன்னும் முடியலையே! தண்ணி போயிட்டா..."

"திற!" என்று குட்டையிலிருந்து சத்தம் வந்தது. உதட்டில் ஈ தொங்க, தலை மட்டும் தெரிந்தது.

"ஐயா, அகில உலகப்..."

"யோவ்! நான் சேத்துல முழுகிக்கிட்டு இருக்கேன்யா! திறடா!"

எங்கள் ஏரியில் சேறு உண்டு என்பது முதன்முறையாக அரசின் வாயால் ஒப்புக்கொள்ளப்பட்டது அப்போதுதான்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் என் கால்கள் மதகு அறைக்கு ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே மதகுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கு ஓய்வுன்னாங்க. அப்ப எனக்கும்தானே?" என்றார் கண்ணைத் திறக்காமல். பிறகு, "திறக்கணுமா? யார் உத்தரவு?" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. இயக்குநர் உத்தரவு என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் இன்னும் கொடுத்திருக்கவில்லை. "என் சம்சாரம் சொன்னாங்க" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சக்கரத்தைப் பிடித்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். இரும்பு கிறீச்சிட்டது. காலுக்கு அடியில் குழாய்கள் உறுமின. அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு நாள் என் பணிக்காலத்தில் வேறு கிடையாது.

நான் திரும்பியபோது விரிப்புக் கயிறு தலைமை ஆணையரின் கையில் சேர்ந்திருந்தது. இந்த முனையில் சலவைப் பெண்கள், போட்டியாளர்கள், காவலர், தொப்பியில்லாத கணக்கர் எல்லாரும். வண்டிமேல் உட்கார்ந்தபடி என் மாமனார் கட்டளையிட்டார்.

"இழுங்க! ம், இழுங்க! நான் தூக்கக் கூடாது, நீங்க தூக்கலாம்! இடது பக்கம் யாரு? சாப்பிடலையா? இழு!"

'ப்ளக்' என்று ஒரு சத்தம். தலைமை ஆணையர் வந்தார். ரப்பர் கால்சட்டை வரவில்லை. உள்ளே போட்டிருந்ததில் பாதியும் வரவில்லை. பெண்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொள்ள, என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரிப்பை அவர்மேல் வீசினாள். அவர் அதைச் சுற்றிக்கொண்டு நின்றார். மார்புக்குக் குறுக்கே "பிரசவப் பிரிவு" என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

"பத்திரமா பொறந்துட்டாரு" என்றார் என் மாமனார்.

தண்ணீர் மளமளவென்று ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குட்டை சுருங்கியது. சுருங்கச் சுருங்க, மீன்களின் முதுகு தெரிந்தது. பிறகு மீன்களே தெரிந்தன. வெள்ளி வெள்ளியாக, சேற்றின் மேல் துள்ளின. வாளியோடு வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம், விரிப்புகளைச் சேற்றின் மேல் பாதையாக விரித்துக்கொண்டு, வாளி வாளியாக அள்ளத் தொடங்கினார்கள். செய்தி எப்படிப் பரவியதோ, ஊர் பாதி வந்துவிட்டது. போட்டியாளர்களும் தூண்டிலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார்கள். இப்படி ஒரு சிரிப்புச் சத்தத்தை அந்த ஏரி கேட்டதே இல்லை.

இயக்குநர் மட்டும் கரையில் இங்குமங்கும் ஓடினார்.

"விட்டுடுங்க! விதி இருக்கு! பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியில விடணும்!"

ஒரு சலவைப் பெண் நிமிர்ந்தாள். கையில் ஒரு கொழுத்த மீன் துடித்துக்கொண்டிருந்தது. "விடறோங்க ஐயா. தண்ணியைக் காட்டுங்க" என்றாள்.

எல்லாருக்கும் தண்ணி காட்டியே பழகியவர், அன்று அவளுக்குக் காட்ட ஒரு சொட்டு இல்லாமல் நின்றார்.

மறுநாள் என் அறிக்கை வெளிவந்தது. "போட்டி வரலாறு காணாத வெற்றி. ஏரியிலிருந்த மீன்கள் அனைத்தும் பிடிக்கப்பட்டன. தலைமை விருந்தினர் ஏரியின் அடித்தளத்தை நேரில் ஆழமாக ஆய்வு செய்தார். பெண்கள் பெருமளவில் பங்கேற்றனர்." படித்துவிட்டு என் மனைவி அதை மடித்து, காய வைத்த உறைகளுக்கு நடுவே வைத்தாள்.

குழாய்களில் தண்ணீர் வந்தவரை அவளுடைய இயந்திரங்கள் இரவும் பகலும் சுற்றின. விரிப்புகள் மருத்துவமனைக்குப் போயின. தள்ளிப்போட்ட சிகிச்சைகள் நடந்தன. மாமனாருக்கும் நடந்தது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏரி தரை தட்டிடுச்சா?" என்பதுதான். தட்டிவிட்டது என்றேன். "அப்ப நான் ஜெயிச்சுட்டேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு கொஞ்ச காலம் ஊர் முழுக்கத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. அப்புறம் ஒரு வழியாக மழை வந்தது. ஏரி வெகு சீக்கிரமே நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் இடத்தைச் சேறு முன்கூட்டியே பிடித்து வைத்திருந்ததால் மேகங்களுக்கு அதிக சிரமம் இல்லை. சேற்றை அள்ளலாமா என்று பொறியாளர் கேட்டு எழுதினார். "ஏற்கெனவே அள்ளப்பட்டுவிட்டது" என்று தலைநகரிலிருந்து பதில் வந்தது. காது ஆறியதும் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

எங்கள் இயக்குநரின் அருமையை அரசு மறக்கவில்லை. முக்கியமாக, தலைமை ஆணையர் மறக்கவில்லை. தன்னை அந்தக் கோலத்தில் பார்த்தவர் எதிரில் இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதே நல்லது என்று அவருக்குத் தெரியும். இத்தனை பெரிய திறமையை ஒரே ஓர் ஏரியில் அடைத்து வைப்பது நாட்டுக்கு நஷ்டம் என்று பரிந்துரைத்து, மழை வருவதற்கு முன்பே அவரைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார். இன்று நாட்டின் எல்லா நீர்த்தேக்கங்களும் ஈயா அவர்களின் பொறுப்பில் இருக்கின்றன. ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டார் என்றும், கையில் தூண்டிலோடுதான் வருகிறார் என்றும் கேள்விப்படுகிறேன்.

உங்கள் ஊருக்கும் வருவார். நல்ல வரவேற்பு கொடுங்கள். அதில் குறை வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்றால், குடும்பத்தோடு போய், ஒரு தடவை முகம் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.